பெயர் அறிந்தால் கண் திறக்கும்



பூசை முடிந்து வீடு திரும்புகையில், வழியோரம் மஞ்சளாய்ப் பூத்திருக்கும் செடியைக் காட்டி, "இதென்ன?" என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "ஏதோ செடி" என்பான்.

அது ஆவாரை. முற்காலத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல்கள் அதன் பட்டைச் சாற்றில் ஊறிப் பதமாகித்தான் கப்பலேறின. வாட்டில் பட்டையும் குரோமும் வந்தன, ஆவாரையை மறந்தோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் அதுவும் ஒன்று.

பெயர் தெரிந்தபின் கண் நின்று பார்க்கிறது. அதன் இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதும் அப்போதுதான் தென்படும். பறவைகளும் அப்படியே. எல்லாம் "குருவி" அல்ல. மாட்டின் முதுகிலமர்ந்து பூச்சி பிடிப்பது கரிச்சான். ஏழெட்டாய்க் கூடிக் கத்துவது தவிட்டுக்குருவி.

சர்வேசுரன் மிருகங்களையும் பறவைகளையும் ஆதாமிடம் கொண்டுவந்து பெயரிடச் செய்தார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். காக்கும் கடமை கொடுத்தவர், பெயரிடும் வேலையையும் கொடுத்தார். "ஏதோ செடி"யை வெட்டக் கை கூசாது; பெயர் சொல்லி அழைத்ததை வெட்டச் சற்றே தயங்கும்.

இவ்வாரப் பயிற்சி: பிள்ளைகளைப் பாட்டியருகே உட்காரவைத்து, ஐந்து செடி, ஐந்து பறவைகளின் பெயர்களைக் கேட்டெழுதச் சொல்லுங்கள். பாட்டியோடு அப்பெயர்களும் போய்விடலாகாது.