பழைய பித்தளைக்கு விலை சொல்வது யார்?

இடம்பெயர்ந்த குடும்பமொன்று கையிருப்பை விற்கத் தொடங்கும்போது அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆடு, மாடு இருந்தால் முதலில் அவை போகும். அடுத்து நகை அடகுக் கடைக்குப் போகும். அதற்கும் பின்னர் எஞ்சியிருப்பவை அப்பாயி காலத்துக் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், செம்பு அண்டா, கரி போட்டுத் தேய்க்கும் அயன்பெட்டி, மூலையில் கிடக்கும் தையல் இயந்திரம் ஆகியனவே. இவற்றை வாங்குவதற்கென்றே பழைய இரும்பு, போத்தல் சேர்ப்பவர் சாக்கும் தராசுமாக வாசலுக்கு வருகின்றார். விலை சொல்பவர் அவர். நிறை பார்ப்பவரும் அவர். நாமோ பிள்ளையின் பாடசாலைச் செலவையோ வைத்தியச் செலவையோ நினைத்துக்கொண்டு தலையை ஆட்டுகின்றோம்.

மலைநாட்டில் இது புதிய கதையன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானிக்கப்பட்டபோது, கப்பலேற வேண்டிய குடும்பங்கள் தூக்கிச் செல்ல இயலாதவற்றைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுச் சென்றன. மகாவலித் திட்டத்தின் விக்டோரியா அணை 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் நீருக்கடியில் போயின. அங்கிருந்தவர்களும் ஊரோடு வீட்டையும் விட்டே எழும்பினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மண்சரிவுகளின் பின்னர் கண்டி மாவட்டத்தில் மீண்டும் அதே நிலை. சேற்றிலிருந்து கழுவியெடுத்த பாத்திரமே பலருக்குக் கையில் மிஞ்சிய சொத்து. அதனை என்ன விலைக்குக் கொடுப்பது என்பதையே இம்முறை படிக்கப் போகின்றோம்.

சாக்கில் போன விளக்கு எங்கே போகின்றது?

அனைத்தும் உருக்குலைக்குப் போகின்றன என்று நாம் எண்ணுகின்றோம். உடைந்தவை போகின்றன. நல்லவை போவதில்லை. அவற்றைத் தனியே பிரித்து எடுக்கும் ஒருவர் இடையில் இருக்கின்றார். அவர் அவற்றைக் கழுவி, ஒரு பலகையின் மீது வைத்துக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, ‘பழமையான கண்டி விளக்கு’ என்று எழுதி இணையத்தில் இடுகின்றார். 2012 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட இக்மன் என்ற விளம்பரத் தளமும் பேஸ்புக்கின் சந்தைப் பகுதியும் இதற்கு இன்று பெரிதும் பயன்படுகின்றன. வாங்குவோர் யார்? ஹோட்டல் வைத்திருப்போர், கல்யாண மண்டபம் அலங்கரிப்போர், புதுவீடு கட்டியவர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். இவர்கள் பித்தளையை நிறுத்து வாங்குவதில்லை.

இவ்வியாபாரம் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்ததொன்று. 1995 இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட ஈபே என்ற ஏலத் தளத்தில் முதன்முதல் விற்கப்பட்டது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுக்கருவி; 14 டொலர் 83 சதத்துக்கு விலைபோனது. பழுதானதையும் வாங்க எங்கோ ஒருவர் இருக்கின்றார் என்பதே இதிலுள்ள செய்தி. முன்னர் அந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது வியாபாரியின் தனித் திறமையாக இருந்தது. இப்போது அத்திறமையின் பெரும்பகுதி எமது பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசிக்குள் வந்துவிட்டது.

ஒரு பொருளுக்கு மூன்று விலை

முதலாவது உலோக விலை. நிறையை வைத்துச் சொல்லப்படுவது. இரண்டாவது பாவனை விலை. அப்பொருள் இன்னும் வேலை செய்யுமாயின் கிடைப்பது. மூன்றாவது பழமை விலை. வாசலுக்கு வருபவர் எமக்குச் சொல்வது முதலாவதை மட்டுமே. அதிலும் தராசைக் கவனித்தல் நன்று.

பித்தளைதானா என்பதை அறிவதற்கு ஒரு காந்தம் போதும். பித்தளையிலோ வெண்கலத்திலோ காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. செம்பும் நாகமும் சேர்ந்தது பித்தளை, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். தட்டினால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும். விளக்கின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நெடுங்காலம் தரையில் இழுபட்ட பாதம் ஓரங்களில் மழுங்கியிருக்கும். திரி இடும் மூக்குகள் தேய்ந்திருக்கும். பிலிமத்தலாவை, கடலாதெனியப் பக்கத்தில் இன்றும் அழகான புதிய விளக்குகள் வார்க்கப்படுகின்றன. அவை புதியவை என்ற பெயரிலேயே நல்ல விலை பெறுபவை. அவற்றைப் பழையவை என்று சொல்லி விற்பது வாங்குபவரை மட்டுமன்றி வார்த்த தொழிலாளியையும் ஏமாற்றுவதாகும். கண்டிப் பிரதேசக் கைவினைகளைப் பற்றி 1908 இல் பெருநூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர். கைவினைஞனின் பெயரும் வேலையும் மறக்கப்படுவதே அவருடைய கவலையாக இருந்தது.

இங்கே எமது பெண்கள் நம்ப மறுக்கும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டியுள்ளது. தைப்பொங்கலுக்கு முன்னர் புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரத்தைப் பளபளவென்று துலக்குவது எமது வழக்கம். விற்பதற்கு அதனைச் செய்யாதீர்கள். பழையதை விரும்பி வாங்குபவர் தேடுவது அந்தக் கருமை படர்ந்த நிறத்தையே. துலக்கிய விளக்கு அவர் கண்ணுக்குப் புதியதாகவே தெரியும். சேற்றை மெதுவான சவர்க்கார நீரில் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் காயவிட்டால் போதும். நாணயத்தைத் தேய்ப்பது இதனிலும் பெரிய நட்டம்.

நாணயமென்றதும் இன்னொன்று. பழைய ஐம்பது சதக் காசெல்லாம் வெள்ளியென்று சிலர் நம்புகின்றனர். 1919 க்கு முற்பட்ட இலங்கை வெள்ளிக் காசுகளில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1919 இலிருந்து அது 55 பங்காகக் குறைந்தது. 1943 ஆம் ஆண்டின் ஐம்பது சதத்தில் வெள்ளியே இல்லை. ஆண்டைப் படிக்கத் தெரியாதவர் விலை பேச முடியாது. தையல் இயந்திரமும் அவ்வாறே. சிங்கர் நிறுவனம் 1877 முதல் இலங்கையில் விற்பனை செய்கின்றது. இயந்திரத்தின் அடித்தட்டில் பொறித்த இலக்கத்தைக் கொண்டு அது எந்த ஆண்டில் செய்யப்பட்டதெனக் காணலாம். அந்த இலக்கத்தையும் படமெடுத்து இடுபவருக்கு வாங்குபவரின் நம்பிக்கை கூடுகின்றது. ஆனால் இயந்திரம் இன்னும் தைக்குமாயின் விற்க வேண்டாம் என்பதே எமது கருத்து. அது சோறு போடும்.

எல்லாப் பழையதும் பழம்பொருளன்று. நெளிந்த அலுமினியச் சட்டி, ஓட்டை விழுந்த வாளி என்பவற்றை நிறைக்குக் கொடுத்துவிடுவதே நேரத்துக்கு மிச்சம்.

ஒரு கணக்கு

3 கிலோ நிறையுள்ள ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். கீழே வருபவை கணக்குக்காக வைத்த தொகைகள், சந்தை விலையன்று. கிலோ 1,500 ரூபா என்றால் வாசலில் கிடைப்பது 4,500. அதே விளக்கை நாமே விளம்பரப்படுத்தி, 18,000 கேட்டு, பேரம் பேசி, இரண்டு மாதங்களின் பின்னர் 14,000 க்குக் கொடுக்கின்றோம் என்க. தொலைபேசிச் செலவு 300, பெட்டியும் வைக்கோலும் 300, பஸ்ஸும் அனுப்பும் கூலியும் 1,200, மொத்தம் 1,800. கையில் மிஞ்சுவது 12,200. வாசல் விலையைவிட 7,700 அதிகம்.

ஆனால் இக்கணக்கு இங்கே முடிவதில்லை. அந்த இரண்டு மாதங்களும் நாம் எதைச் சாப்பிடுவது? அவசரத்துக்கு 5,000 ரூபாவை நூற்றுக்குப் பத்து மாதவட்டிக்கு எடுத்தால் வட்டி 1,000. அப்படியும் 6,700 மிச்சமே. எனினும் விளக்கு ஆறு மாதங்கள் விலைபோகாமல் இருந்தால்? வட்டி மட்டும் 3,000. வியாபாரிக்கு இலாபம் வருவது அவரால் காத்திருக்க முடிவதாலேயே. எமக்கு நட்டம் வருவது அது முடியாததாலேயே. ஆகையால் பொருளைக் காட்டி ஒரு சிறுதொகையைக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கச் சேமிப்புச் சங்கம் முன்வருமாயின், அது பல விளக்குகளைச் சாக்கிலிருந்து காப்பாற்றும். பத்துப் பெண்கள் வாரம் ஒரு சிறு தொகை சேர்க்கும் குழுவுக்கும் இது இயலாத காரியமன்று.

விலை நிர்ணயிக்கும்போது காலத்தையும் பார்க்க வேண்டும். 2022 இல் ரூபாவின் பெறுமதி சில வாரங்களுக்குள் சரிந்து, ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஐ எட்டியபோது, இறக்குமதிப் பொருளின் விலையோடு பழைய பொருளின் விலையும் ஏறியது. அந்நாட்களில் முந்திய ஆண்டின் விலையைக் கேட்டு மகிழ்ந்து விற்றவர் உண்மையில் குறைத்தே விற்றார். எனவே விற்பதற்கு முன்னர் அதேபோன்ற பொருளுக்குப் பிறர் கேட்கும் விலையை ஐந்தாறு விளம்பரங்களிலாவது பாருங்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு என்பதையும் மறவாதீர்கள்.

அயலவரின் பொருள்

சொந்தப் பொருள் தீர்ந்ததும் சிலர் அயலவரிடம் வாங்கி விற்கத் தொடங்குவர். இது நேர்மையான தொழிலே. ஆயினும் முகாமில் பக்கத்துப் பாயில் படுப்பவரிடம் நிறை விலைக்கு வாங்கி நான்கு மடங்குக்கு விற்பவர், சாக்கோடு வந்தவரிலிருந்து எவ்விதத்திலும் வேறுபட்டவரல்லர். விலை தெரிந்துகொண்டே செய்வதால் ஒருபடி மோசமானவர் என்றும் சொல்லலாம். வாங்குவதற்குப் பதிலாக விற்றுக்கொடுங்கள். விலையில் நூற்றுக்கு இத்தனை பங்கு எனக்கு, மிகுதி உமக்கு என்று முன்னரே எழுதிக்கொண்டால் இருவருக்கும் சண்டையில்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி உண்டு. பித்தளைப் பாத்திரம் பெரும்பாலும் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தது. அதனை விற்பதா இல்லையா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். காசும் அவர் கைக்கே வர வேண்டும். கணவன் சாராயக் கடைக்குப் போகும் வழியில் அண்டாவைக் கொடுத்துவிட்டுப் போகும் வீடுகளை நாம் அறிவோம்.

வெளியாரிடம் வாங்கும்போது பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். திருட்டுப் பொருளை அறிந்துகொண்டு வாங்குவதும் குற்றமே. கோயில் மணி, விகாரை விளக்கு, தேவாலயப் பாத்திரம் எவராவது கொண்டுவந்தால் விலையே கேட்க வேண்டாம்.

சட்டம் சொல்வது

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைக்கின்றது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். அதற்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள்களாகக் கணிக்கப்படும். நிலத்தைக் கொத்தும்போது பானையோ காசோ சிலையோ வெளிப்பட்டால் அது அரசுக்குரியது. கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ அறிவிக்க வேண்டும். புதையல் தோண்டப் போய்ச் சிறைக்குப் போனவர்கள் பலர். 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டத்தின்படி பண்பாட்டுப் பெறுமதியுள்ள பழம்பொருளை அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே வெளிநாட்டவர் ‘தபாலில் அனுப்பும்’ என்றால் முதலில் திணைக்களத்தில் கேளுங்கள். யானைத் தந்தம், ஆமை ஓடு என்பவற்றை எவ்வளவு பழையதென்றாலும் விற்கலாகாது. ஓலைச்சுவடி கிடைத்தால் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தாரிடம் காட்டுங்கள். அங்கு பெரிய சுவடித் தொகுப்பு உண்டு, பெறுமதி தெரிந்தவர்களும் உண்டு.

படமும் பணமும்

பகல் வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால், நான்கு பக்கமும் அடியும் தெரியப் படமெடுங்கள். கீறலையும் உடைவையும் மறைக்காது தனிப்படமாக இடுங்கள். உயரம், நிறை இரண்டையும் எழுதுங்கள். கண்டியில் வாங்குவோர் பெரும்பாலும் சிங்களம் பேசுவோர். ஆகையால் விளம்பரம் சிங்களத்திலும் இருக்கட்டும், பாடசாலைப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். வயது தெரியாவிட்டால் ‘எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உள்ளது’ என்று உள்ளதை எழுதுங்கள். நூறு ஆண்டு என்று கற்பனை செய்ய வேண்டாம்.

ஏமாற்றுவோர் வாங்குபவரின் உருவிலும் வருவர். பணம் போட்டதாகப் பொய்ப் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்புவார்கள். ‘பணம் பெற இதனை அழுத்தவும்’ என்று ஓர் இணைப்பை அனுப்பி அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள். வங்கி தொலைபேசிக்கு அனுப்பும் இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் எவராயினும் கள்வரே. பணம் பெறுவதற்கு அவ்விலக்கம் தேவையில்லை, பணம் எடுப்பதற்கே தேவை. முகாம் முகவரியையோ வீட்டில் ஆளில்லாத நேரத்தையோ விளம்பரத்தில் போடாதீர்கள். வாங்குபவரைப் பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், துணைக்கு ஒருவரோடு சந்தியுங்கள். தூர இடமாயின் பொருளைக் கொடுக்கும்போதே காசு வாங்கித் தரும் சேவை தபாற் திணைக்களத்திலும் தனியார் கூரியர்களிலும் உண்டு. விளக்கைத் தட்டு, தண்டு, பாதம் எனக் கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். திருகு மரைகளைத் தாளில் பொதிந்து பாதத்தோடு கட்டுங்கள். காசு கணக்கில் ஏறியதை வங்கியிலோ தொலைபேசியிலோ நீங்களே பார்த்த பின்னரே விளம்பரத்தை நீக்குங்கள்.