புது ரூட்டரும் பழைய அடாப்டரும்

இணையத் திட்டத்தை 300 மெகாபிட்டுக்கு உயர்த்தியாயிற்று; புது ரூட்டரும் வந்தாயிற்று. ஆனால் கம்ப்யூட்டரில் வேகம் 40ஐத் தாண்டவில்லை. வீடியோவில் பேரக்குழந்தையின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கிறது. நம் சங்க அன்பர்கள் பலர் வீட்டில் இதே கதைதான். உடனே இன்னும் பெரிய ரூட்டர் வாங்கப் புறப்பட்டுவிடுகிறோம். பல வீடுகளில் குறை ரூட்டரில் இல்லை. கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருக்கும் நகத்தளவு அடாப்டரில் இருக்கிறது.

ரயில்வேக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். 160 கிலோமீட்டர் வேகம் போகும் எஞ்சினில், 110க்கே அனுமதி பெற்ற பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளைக் கோத்தால் வண்டி 110தான். ஒரே வேறுபாடு: மீட்டர் கேஜ் பெட்டி பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஏறவே ஏறாது. பழைய அடாப்டரோ புது ரூட்டருடன் சமர்த்தாக இணைந்துகொள்ளும், தன் பழைய வேகத்தில். அதனால்தான் குறை கண்ணில் படுவதில்லை.

முதலில் ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் லேன் கேபிளால் இணைத்துப் பாருங்கள். வேகம் சட்டென்று ஏறினால் கோளாறு வைஃபையில்தான். (பழைய லேன் போர்ட் 100க்குள் நின்றுவிடும், அதைக் கண்டு கலங்க வேண்டாம்.) கம்ப்யூட்டரை ரூட்டர் அருகிலேயே வைக்க முடியுமானால் அந்தக் கேபிளே போதும், செலவு மிச்சம்.

இயலாதவர்கள் அடாப்டர் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 150 என்று போட்ட சிறிய அடாப்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குவது. அந்த 150 இரட்டை அகலச் சானலில் கிடைக்கும் கணக்கு. மயூர் விஹார் அடுக்ககம் போல் சுற்றிலும் இருபது ரூட்டர் இருக்கும் இடத்தில் சானல் ஒற்றை அகலத்துக்குச் சுருங்கி 72 ஆகிவிடும். கைக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதி.

ஏ.சி. 600 என்றால் 2.4ல் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433. ஏ.சி. 1300 என்றால் 400, 867. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். இரண்டையும் கூட்டிப் பெரிதாக அச்சிடுவது வியாபார சாமர்த்தியம். நாம் பார்க்க வேண்டியது 5 கிகாஹெர்ட்ஸ் எண்ணை, அதிலும் பாதியை. 100 மெகாபிட் திட்டத்துக்கு ஏ.சி. 600 தாராளம், அதற்குமேல் கொடுப்பது வீண். 300க்கு 867 வேண்டும். ரூட்டர் வைஃபை 6 ஆனால், 5 கிகாஹெர்ட்ஸில் 1201 தரும் ஏ.எக்ஸ். 1800 வாங்கலாம். ஆனால் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வைஃபை 6 அடாப்டர்களுக்குப் பொதுவாக விண்டோஸ் 10 அல்லது 11 தேவை.

நேரு பிளேஸ் கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடியது ஒன்று உண்டு. யு.எஸ்.பி. 2.0 போர்ட்டின் உச்சம் பெயரளவில் 480தான். நடைமுறையில் இன்னும் குறைவு. 867ஐ அதில் செருகினால் காசுக்கேற்ற பலன் கிடைக்காது. 3.0 போர்ட் பெரும்பாலும் உள்ளே நீல நிறமாயிருக்கும். அடாப்டரைக் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைமேல் கொண்டுவந்து வைப்பது நல்லது.

மாட்டியபின் விண்டோஸில் வைஃபை இணைப்பின் விவரங்களைத் திறந்து பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டினால், பட்டியலில் 5ஜி என்று முடியும் உங்கள் ரூட்டரின் இன்னொரு பெயரைத் தேர்ந்தெடுத்து இணையுங்கள்.