மருந்து வந்தும் சாப்பிடாத கணினிகள்



2017 மே மாதம் திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தில் சில கணினிகள் முடங்கின. கோப்புகள் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் திறக்கும் என்று திரையில் மிரட்டல். உலகை உலுக்கிய வானாகிரை வைரஸ்தான் அது. கேட்ட தொகை, 300 அமெரிக்க டாலர் மதிப்புள்ள பிட்காயின்.

ஓட்டை எங்கே இருந்தது? விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி என்ற ஏற்பாடு உண்டு. அதன் பழைய முதல் பதிப்பில், வெளியிலிருந்து வரும் தகவலைச் சரிபார்ப்பதில் ஒரு பிழை. வேண்டுமென்றே கோணலாக அமைத்த தகவலை அனுப்பினால், அனுப்பியவன் சொன்னபடி கணினி ஆடும். நாம் எதையும் கிளிக் செய்ய வேண்டியதே இல்லை. ஒரு கணினியில் புகுந்தால், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றுக்கும் தானாகத் தாவும். 150 நாடுகளுக்கு மேல் பரவியது இப்படித்தான்.

இதைவிட முக்கியமானது தேதிகள். மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது மார்ச் 14. வைரஸ் பரவியது மே 12. மருந்து வந்து ஏறக்குறைய இரண்டு மாதம்! சாப்பிடாத கணினிகள்தான் படுத்தன. திருத்தம் வெளிவந்தால் ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். அதன்பின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு லாபம்.

நம் லூனாஸ் வட்டாரக் கோயில்களுக்கும் இது பொருந்தும். உபயதாரர் பட்டியல், கணக்கு, தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்களின் பெயர்கள் எல்லாம் ஒரே கணினியில் இருந்தால், அது போனால் மறுபடி யாரிடம் கேட்பது?

நிர்வாகத்தினரிடம் அனுமதி கேட்டு, இந்த நான்கையும் செய்வோம்:

1. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, நிலுவையில் உள்ளதை எல்லாம் போட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

2. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய பிரிண்டர், ஸ்கேனர் ஏதாவது அதை நம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

3. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற வழியுண்டா என்று பாருங்கள்.

4. கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்து, உடனே கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கோயிலைக் கூட்டிப் பெருக்குவது போல இதுவும் ஒரு தொண்டுதான்.