உப்பள ஊரிலிருந்து, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

மரக்காணத்து உப்பளக் குடும்பம் எங்களுடையது. ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, யூத மார்க்கத்துக்கு வந்தவன் நான். இந்த வழியில் வர நினைக்கும் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லிவந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

1. அவசரப்படாதீர்கள். யூத குருவான ரபியிடம் போனதும் வாரி அணைத்துக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம். வருகிறவரை மூன்று முறை திருப்பி அனுப்பிப் பார்ப்பது பழைய வழக்கம். ஆணுக்கு விருத்தசேதனம் உண்டு. மூன்று பேர் அடங்கிய சபை முன்னால் கட்டளைகளை ஏற்றுக்கொண்டு, தண்ணீரில் முழுக வேண்டும். கடல் அதற்குச் செல்லும். வங்காள விரிகுடா நம் வாசலிலேயே இருக்கிறது. அந்தச் சபையைத் தேடித்தான் தூரம் போக வேண்டியிருக்கும்.

2. சாதிச் சான்றிதழைப் பற்றி முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். 1950ஆம் ஆண்டு அரசாணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். யூத மார்க்கம் அந்தப் பட்டியலில் இல்லை. மகாராஷ்டிரம் 2016இலும் குஜராத் 2018இலும் யூதரைச் சிறுபான்மையினராக அறிவித்தன. அது வேறு உரிமை. மனைவியும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். தெரியாமல் தலையாட்டிய சம்மதம் சம்மதமே இல்லை.

3. சனிக்கிழமை. வெள்ளி பொழுது சாய்வதற்கு முன் விளக்கேற்றி, சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை வேலை இல்லை, நெருப்பு இல்லை, காசு தொடுவதில்லை. உப்பளத்தில் இது லேசான காரியம் அல்ல. கோடையில் பாத்தி விளைந்து நிற்கும்போது ஒரு நாள் வாராமல் விட்டால் மேஸ்திரி முகம் சுளிப்பார். வாரக்கூலியும் பெரும்பாலும் சனிக்கிழமைதான் கைக்கு வரும். ஆகவே வெள்ளி சாயங்காலம் போய்த் தலையைச் சொறியாதீர்கள். வேலைக்குச் சேரும் அன்றே சொல்லுங்கள்: "அண்ணே, சனி வரமாட்டேன், ஞாயிறு யாரும் வராட்டியும் நான் நிப்பேன்." ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவருக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வு நாள் விலகி நிற்கும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 ஒரு சனிக்கிழமை. அப்படிப்பட்ட நாளில் போனை எடுக்கலாம், வண்டி ஏறலாம், கிழவிகளைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு ஓடலாம். ஓடத்தான் வேண்டும், அதுவே கட்டளை.

4. அடுப்படிதான் பெரிய பள்ளிக்கூடம். துடுப்பும் செதிலும் உள்ள மீன் மட்டுமே ஆகும். வஞ்சிரம், சங்கரா, மத்தி, கொடுவா, மடவை எல்லாம் நமக்கு உண்டு. இறால், நண்டு, கணவாய், திருக்கை, கெளுத்தி, வாளை போயிற்று. கழுவெளிச் சதுப்பு ஓரத்தில் பிறந்தவனுக்கு நண்டை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மீன்காரம்மா சீவுவதற்கு முன்பே மீனைக் கையில் வாங்குங்கள். வாலிலிருந்து தலைப்பக்கமாக நகத்தால் வழியுங்கள். தோல் கிழியாமல் செதில் கழன்று வந்தால் வாங்கலாம். "என்னய்யா, மீனுக்கு வைத்தியம் பாக்குறியா?" என்று அந்தம்மா கேட்டால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். மறுவாரம் அவரே செதிலைக் காட்டி விற்பார்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு வேண்டும் என்று அத்தைமார் வந்து நிற்பார்கள். சுறா நமக்கு ஆகாதுதான், ஆனாலும் சண்டை போடாதீர்கள். பூண்டை உரித்துக் கொடுத்து, "இதில் குழம்பு வைத்துத் தாங்க அத்தை" என்று கேளுங்கள். அவர்களுக்கு வேண்டியது தாய்க்குப் பால் சுரக்க வேண்டும், தம் கையால் சமைக்க வேண்டும் என்ற இரண்டும்தான்.

இறைச்சியை முறைப்படி அறுப்பவர் நம் பக்கத்தில் இல்லை, ஆகவே காய்கறிதான். அப்படி அறுத்த இறைச்சி கிடைக்கும் நாளில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சரிவான பலகையில் உப்புப் போட்டு ஒரு மணி நேரம் வைத்து, மூன்று தரம் அலச வேண்டும். தூள் உப்பு கரைந்து ஓடிவிடும், பெருங்கல் உருண்டு விழுந்துவிடும். ஒன்றிரண்டாக இடித்த கல்லுப்பே சரி. இறைச்சியோடு தயிர் சேராது. தேங்காய்ப்பால் சேரும், ஆகவே குருமாவுக்குக் குறைவில்லை.

பஸ்கா வாரத்தில் பெருங்காய டப்பாவைப் படித்துப் பாருங்கள். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அந்த வாரத்தில் அது ஆகாது. அரிசியைச் செபார்திய மரபினர் உண்பார்கள், அஷ்கனாசி மரபினர் விலக்குவார்கள். உங்கள் ரபியிடம் கேட்டு அதன்படி நடங்கள்.

5. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். தலையில் சின்னத் தொப்பியோடு போனால் டீக்கடையில் "வாங்க பாய்" என்பார்கள். பதில் வணக்கம் சொல்லி டீயை வாங்கிக்கொள்ளுங்கள், அது மரியாதையாகச் சொன்ன சொல். சனிக்கிழமை அடுப்பு எரியாததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ஏழரைச் சனியா தம்பி? திருநள்ளாறு போய்ட்டு வாயேன்" என்பார். அக்கறையில் வந்த பேச்சு அது. முதல் நாளே செய்து வைத்த சோற்றில் அவருக்கும் ஒரு தட்டு போடுங்கள்.

6. புனித வெள்ளி பாடுகளின் நாடகத்தில் யூதர்களைக் கொடியவர்களாகக் காட்டும்போது உறவுக்காரர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். இயேசுவைக் கொன்ற பழியை யூதர் எல்லார்மீதும் சுமத்தக் கூடாது என்று 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. பங்குச் சாமியாரிடம் கேட்டால் அவரே எடுத்துச் சொல்வார்.

7. பூர்வீகம் தேடி அலையாதீர்கள். ஆந்திரத்தில் குண்டூர் பக்கம் மாதிகக் குடும்பங்கள் சில, 1980களின் கடைசியிலிருந்து தங்களை எப்பிராயீம் வழியினர் என்று சொல்லி யூத முறையில் வாழ்கின்றன. மணிப்பூர், மிசோரத்தின் பெனே மெனாசே மக்களை 2005இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஒருவர் இஸ்ரவேலின் வழித்தோன்றல்கள் என்று ஏற்றார். ஆனாலும் அவர்கள் முறைப்படி மதம் மாறித்தான் சேர வேண்டியிருக்கிறது. அவர்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் நமக்கு வம்சக்கதை தேவையில்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த மோவாபியப் பெண் ரூத்தின் கொள்ளுப்பேரன்தான் தாவீது ராஜா. மதம் மாறி வந்தவனும் ஜெபத்தில் "எங்கள் பிதாக்களின் தேவனே" என்று சொல்லலாம் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே ரபி மைமோனிடெஸ் கடிதம் எழுதியிருக்கிறார்.

யூதருக்குள்ளேயும் மேல் கீழ் பார்க்கிறவர்கள் உண்டு. 1568இல் கட்டிய கொச்சி பரதேசி ஜெப ஆலயத்தில், விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்களுக்குப் பலகாலம் சம இருக்கை கிடையாது. அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அதை உடைத்தார். காலனியில் பிறந்த நமக்கு அவரே முன்னோர். அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

8. வெள்ளி இரவு ரொட்டியை உப்பில் தொட்டு உண்கிறோம். அந்த உப்பை மட்டும் கடையில் வாங்காதீர்கள். நம் பாத்தியில் வாரியதிலிருந்து ஒரு கை எடுத்து வையுங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் சொல்லி அனுப்பினால் நான் கொடுத்தனுப்புகிறேன்.