மெலியாய்டோசிஸ்: நம்புவதும் நடப்பதும்

மழைக்காலத்தில் சேற்றில் நின்று வேலை பார்த்த சர்க்கரை நோயாளிக்கு விடாத காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. அடுத்து நினைக்க வேண்டிய பெயர் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போய் ரத்தத்தில் பரவும் நோய் இது.

நம்பிக்கை: தாய்லாந்து, ஆஸ்திரேலியா நோய்; நம் பக்கம் கிடையாது.
உண்மை: 1911இல் ரங்கூனில் இதைக் கண்டறிந்தவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ்.கிருஷ்ணசாமியும். 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு வருகிறது. 89,000 பேர் இறக்கிறார்கள். நோயாளிகளில் 40 சதவீதத்துக்கு மேல் தெற்காசியாவில்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது.

நம்பிக்கை: நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல், உடல் மெலிவு என்றால் டி.பி.தான்.
உண்மை: மெலியாய்டோசிஸும் அச்சு அசலாக அப்படியே வரும். சளியில் டி.பி. கிருமி இல்லை, டி.பி. மாத்திரைக்கும் குணமில்லை, கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி தெரிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

நம்பிக்கை: பிளட் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) 'சூடோமோனாஸ் வகை' வளர்ந்தால் வெளியிலிருந்து ஒட்டிய கிருமி, ஒதுக்கிவிடலாம்.
உண்மை: ஒதுக்கப்படுவது சில நேரம் இந்தக் கிருமிதான். மைக்ரோஸ்கோப்பில் இரு முனையும் சாயமேறி ஊக்கு மாதிரி தெரியும். ஆன்டிபயாடிக்குகளில், பெரும்பாலும் ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாது, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குப் பணியும். சிறிய லேப்கூட இதை வைத்துச் சந்தேகிக்கலாம்.

நம்பிக்கை: காய்ச்சல் விட்டால் மருந்தையும் விட்டுவிடலாம்.
உண்மை: செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும்.

நம்பிக்கை: வந்தால் பிழைப்பது அரிது.
உண்மை: வடகிழக்குத் தாய்லாந்தில் நோயாளிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரைக் கொன்ற அதே நோயில், ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் இறப்பு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கிருமி ஒன்றுதான். சீக்கிரம் கண்டுபிடித்ததும், சரியான மருந்தும், ஐ.சி.யு. கவனிப்பும்தான் வித்தியாசம்.

சர்க்கரை உள்ளவர்கள் சேற்றில் இறங்கும்முன் காயத்தை மூடி, பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் சர்க்கரையையும் வயல் வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.