முகிற்கணிமைத் தேர்வு

தாம் இயற்றிய செயலியைப் பிறருடைய கணினிகளில் வாடகைக்கு வைத்து, இணையத்தின் வழி இயக்குதலை முகிற்கணிமை என்பர். இதில் வல்லாரைத் தெரிதற்கு அமேசான் நிறுவனம் ஒரு தேர்வு நடாத்துகின்றது. 2023-ஆம் ஆண்டின் திட்டப்படி வினாக்கள் 65. காலம் 130 நிமிடம். 1000-க்கு 720 பெற்றார் தேறியவராவர். அவர் பெறும் சான்றிதழ் மூன்றாண்டே செல்லும். கட்டணம் 150 டாலர். மாணவர்க்கு அது சிறுதொகையன்று.

வினாவிடைகளை நெட்டுருச் செய்து வெல்லலாமென்பார் உளர். யாம் அதற்கு உடன்படோம். சூத்திரத்தை ஒப்பித்தல் வேறு. சொற்கள் புணருமிடத்து அதனைக் கண்டுகொள்ளுதல் வேறன்றோ? செயலியின் ஒரு பகுதி விடுக்குஞ் செய்தியை மற்றொரு பகுதி எடுக்குங்காறும் காத்துவைக்கும் எஸ்.கியூ.எஸ். என்னும் சேவையை நோக்குக. அதன் பொதுவகை வரிசையில் ஒரே செய்தி ஒரோவழி இருமுறை வந்தடையும். அஃது அதன் இயல்பு. "இவர் கணக்கில் ரூ. 500 கழிக்க" என்பது அச்செய்தியாயின், ஏழையொருவர் ரூ. 1000 இழப்பார். ஆதலின் ஒவ்வொரு கட்டளைக்கும் தனியெண் இட்டு, நிறைவேறியதனைக் குறித்து, மீண்டும் வருவதனை விலக்கல் வேண்டும். குறித்தலும் கழித்தலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். ஒன்று நிகழ்ந்து மற்றொன்று தவறின் கணக்குப் பிழைபடும்.

மதிப்பெண்ணில் நூற்றுக்கு 26 பங்கு பாதுகாப்பைப் பற்றியது. இரகசியச் சாவியை நிரலுள் எழுதிவைத்தலாகாது என்பது அதன் முதற்பாடம்.

பயில்வார் சிறு செயலியொன்றை இயற்றி, ஒரு செய்தியைத் தாமே இருமுறை விடுத்து நோக்குவாராக. அதற்குமுன், செலவு வரம்பு கடப்பின் அறிவிக்குமாறு கணக்கில் அமைத்துக்கொள்க. நிறுத்த மறந்த கணினிக்கும் வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும்.