முதுகுன்றமும் முன்னோர் கடனும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களிற் பிசையப்படும் வெண்களிமண்ணைச் சீனக்களிமண் என்பர். மேனாட்டார் அதற்கு வழங்கும் கயோலின் என்னும் பெயரும் சீன நாட்டுக் காவோலிங் என்னும் குன்றின் பெயரினின்றும் வந்ததே. மண்ணின் பெயரால் நினைவிற்கு வந்த அந்நாட்டார், மாண்டாரைப் போற்றுவதில் நம்மவர்க்கு எத்துணை அணியர் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

சீனர் ஆண்டுதோறும் ஏப்ரல் திங்கள் 4 அல்லது 5 ஆம் நாளையொட்டி முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து உணவு படைப்பர். சிங்மிங் எனப்படும் இந்நாளோடு பின்னர் ஒன்றிப்போன தண்ணுணவு நாளுக்கு ஒரு கதை கூறுவர். சின் நாட்டு இளவரசன் சோங்கர் நாடிழந்து 19 ஆண்டுகள் அலைந்த காலத்தில், பசியால் வாடிய அவனுக்கு ஜியே சிதுய் என்னும் அடியான் தன் தொடைத் தசையை அரிந்து சமைத்தளித்தான். கி.மு. 636 இல் அரசெய்திய சோங்கர், உடன் அலைந்தார்க்கெல்லாம் பரிசளித்து அவனை மட்டும் மறந்தான். அவனோ ஒன்றும் வேண்டாது தன் தாயுடன் மலை புகுந்தான். பின்னர் நினைவு வரப்பெற்ற அரசன், அவனை வெளிப்படுத்தக் கருதிக் காட்டிற்குத் தீயிட, தாயும் மகனும் எரிந்து மாண்டனர். வருந்திய அரசன் அந்நாளில் எவரும் அடுப்பு மூட்டலாகாதென ஆணையிட்டனனாம். பழைய வரலாற்று நூலாகிய சோச்சுவானில் தொடைத் தசையும் இல்லை, தீயும் இல்லை. மறந்த அரசனும் மறைந்த அடியானுமே உளர். எஞ்சியவை மக்கள் மனம் பின்னர்ச் சேர்த்தவை போலும்.

நம் முதுகுன்றமாகிய விருத்தகாசியில் உயிர்விடுவாரை இறைவன் தன் தொடைமேற் கிடத்திச் செவியில் மறைமொழி ஓத, பெரியநாயகி முன்றானையால் விசிறி இளைப்பாற்றுவள் என்பது புராணச் செய்தி. ஆங்கு அரியப்பட்ட தொடை, ஈங்கு அணையாயிற்று! மணிமுத்தாற்றில் இட்ட எலும்பு கூழாங்கல்லாகும் என்பதும் ஊரார் நம்பிக்கை. மாசிமகத்தன்று அக்கரையில் எள்ளும் நீரும் இறைப்பார் பலர்.

இவற்றைக் கிறித்தவராகிய யாம் எங்ஙனம் நோக்குவது? இவ்வினா புதியதன்று. சீனக் கிறித்தவர் முன்னோர்க்குச் செய்யும் சடங்குகளைப் பாப்பரசர் 11 ஆம் கிளமெந்து 1715 இல் விலக்கினார். அவை குடிமை மரியாதையே என்று கொண்டு 12 ஆம் பத்திநாதர் காலத்தில், 1939 இல், உரோமை அவற்றிற்கு இடந்தந்தது. இடைப்பட்ட 224 ஆண்டுகளில், தந்தை பெயர் பொறித்த மரப்பலகை முன் தலைதாழ்த்த ஒண்ணாது நின்ற மக்கள் எத்துணையர்! நவம்பர் 2 இல் கல்லறைதோறும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஆற்றங்கரையில் நீரிறைப்பானை அறியாதான் என்று யாம் கூறுதல் எளிதன்று.

இவ்வூர் மண்தொழிலை நினையுந்தோறும் புறநானூற்று 256 ஆம் பாட்டே எம் நெஞ்சில் வருகின்றது. அதில் துணைவனை இழந்தாள் ஒருத்தி, ஈமத்தாழி வனையும் குயவனை நோக்கி, தனக்கும் இடமிருக்குமாறு அதனை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள்.